வேளாண் கழிவு எரிவாயு ஆலைகள்: இடத்தேர்வில் கவனிக்க வேண்டியவை என்ன?

சண்டீகர்: வைக்கோல் உள்ளிட்ட வேளாண் கழிவுகளிலிருந்து எரிவாயு தயாரிக்கும் ஆலைகள் நாடெங்கும் அமைக்கப்பட்டு வருகின்றன. இத்தகைய ஆலை நீடித்து இயங்குமா என்பதைத் தீர்மானிப்பதில் அதன் இயந்திரங்களுக்கு உள்ள பங்கு, அது அமையும் இடத்துக்கும் உண்டு. பஞ்சாப் மாநிலத்தின் அனுபவம் இதைத் தெளிவாக உணர்த்துகிறது.

அழுத்தப்பட்ட உயிரி எரிவாயு (சிபிஜி) உற்பத்தியை ஊக்குவிக்கும் ‘சதத்’ திட்டத்தை மத்திய அரசு 2018 அக்டோபரில் தொடங்கியது. நகர எரிவாயு விநியோகத்தில் இதனைக் கலப்பது 2025-26 நிதியாண்டு முதல் கட்டாயமாக்கப்படும் என்று 2023-ல் அறிவிக்கப்பட்டது. தொடக்கத்தில் 1 சதவீதமாக உள்ள இந்த அளவு, 2028-29-ல் 5 சதவீதமாக உயரும். இதனால், புதிய ஆலைகளுக்கான இடங்களைத் தேர்வு செய்யும் பணி முக்கியத்துவம் பெற்றுள்ளது.

மூலப்பொருள் எவ்வளவு தொலைவில் உள்ளது?

பஞ்சாபின் சங்ரூர் மாவட்டம் லெஹ்ராகாகாவில் சுமார் 20 ஏக்கரில் அமைந்த ஆலை 2022 அக்டோபரில் திறந்துவைக்கப்பட்டது. முழுத் திறனில் இயங்கும்போது நாளொன்றுக்கு 300 டன் வைக்கோலிலிருந்து சுமார் 33 டன் எரிவாயு தயாரிக்கும் வகையில் இது வடிவமைக்கப்பட்டது. ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் வைக்கோல் பயன்படுத்தப்படுவதால், 40,000 முதல் 45,000 ஏக்கர் வரை வயல்களில் தீ வைப்பது தவிர்க்கப்படும் என அப்போது அரசு தெரிவித்தது.

10 கி.மீ. ஆரம் கொண்ட வட்டத்தின் மொத்தப் பரப்பளவு ஏறத்தாழ 77,600 ஏக்கர். ஊர்கள், சாலைகள், நீர்நிலைகள் அனைத்தும் இதில் அடங்கும். அதாவது, இத்தகைய ஓர் ஆலைக்கே அந்த வட்டத்தின் பாதிக்கும் மேற்பட்ட நிலத்தின் வைக்கோல் தேவைப்படுகிறது. அருகிலேயே மற்றொரு ஆலைக்கு அனுமதி அளித்தால், இரண்டும் ஒரே வைக்கோலுக்குப் போட்டியிட நேரும். கால்நடைத் தீவனத்துக்கான வைக்கோலும் இந்தக் கணக்கில் கழிக்கப்பட வேண்டும்.

வைக்கோல் எடை குறைந்தது. அதிக இடத்தை அடைப்பது. எனவே, தொலைவு கூடக்கூடப் போக்குவரத்துச் செலவு லாபத்தை விழுங்கிவிடும். வரைபடத்தில் காணும் நேர்கோட்டுத் தொலைவை விட, டிராக்டர் செல்லக்கூடிய சாலையின் தொலைவையே கணக்கில் கொள்ள வேண்டும்.

சேமிப்புக்கான இடமும் அவசியம்

நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே விவசாயிகளுக்குச் சில வாரங்களே கிடைக்கின்றன. அவர்கள் வயலுக்குத் தீ வைப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். அந்தக் குறுகிய காலத்தில் ஓராண்டுக்குத் தேவையான வைக்கோலைக் கட்டுகளாக்கிச் சேமிக்க வேண்டியுள்ளது. தீ விபத்து அபாயம் இருப்பதால், ஒரே இடத்தில் குவிக்காமல் பல கிடங்குகளாகப் பிரித்து, குடியிருப்புகளுக்கும் மின்கம்பிகளுக்கும் தொலைவில் வைப்பதே பாதுகாப்பானது.

உள்ளே செல்வதைவிட வெளியேறுவது அதிகம்

லெஹ்ராகாகா ஆலையில் நாள்தோறும் 600 முதல் 650 டன் வரை நொதித்த இயற்கை உரம் கிடைக்கும் என்று மதிப்பிடப்பட்டது. இது உள்ளே செல்லும் வைக்கோலின் எடையைப் போல் இரு மடங்கு. வைக்கோலுடன் நீர் சேர்க்கப்படுவதே இதற்குக் காரணம். ஆகவே, நிலத்தடி நீர் ஏற்கெனவே அளவுக்கு மீறி எடுக்கப்படும் பகுதிகளில் நீர்த்தேவையை முன்கூட்டியே ஆராய்வதும், பயன்படுத்திய நீரை மீண்டும் பயன்படுத்துவதும் கட்டாயமாகிறது. உரத்தை ஏற்கும் வயல்களும் அருகில் இருக்க வேண்டும். இல்லையெனில் அது தேங்கி, துர்நாற்றத்துக்கும் நீர் மாசுக்கும் வழிவகுக்கும்.

மக்களின் எதிர்ப்பு

லூதியானா மாவட்டத்தின் அகாரா, பூந்த்ரி உள்ளிட்ட கிராமங்களில் எரிவாயு ஆலைகளை எதிர்த்து 2024-ல் மக்கள் தொடர் போராட்டம் நடத்தினர். துர்நாற்றம், நிலத்தடி நீர் மாசு ஆகியவை குறித்து அவர்கள் அச்சம் தெரிவித்தனர். வயலில் எழும் புகையிலிருந்து விடுதலை தரும் என்று கருதப்பட்ட ஆலைகளே கிராமங்களில் அச்சத்தை ஏற்படுத்தியது, இடத்தேர்வு வெறும் தொழில்நுட்ப விவகாரம் அல்ல என்பதைக் காட்டுகிறது.

எவ்வாறு தேர்வு செய்வது?

புவியியல் தகவல் முறைமை வாயிலாக இப்பணியை இரண்டு கட்டங்களாக மேற்கொள்ளலாம். முதற்கட்டத்தில் குடியிருப்புகள், பள்ளிகள், நீர்நிலைகள், வெள்ளம் சூழும் பகுதிகள், வனங்கள் ஆகியவற்றையும் அவற்றையொட்டிய பகுதிகளையும் விலக்க வேண்டும். அடுத்து, எஞ்சிய இடங்களை வைக்கோல் இருப்பு, சாலை வசதி, நீர்வளம், காற்றின் திசை, எரிவாயுக் குழாய்க்கு உள்ள தொலைவு ஆகியவற்றின் அடிப்படையில் மதிப்பெண் அளித்து வரிசைப்படுத்த வேண்டும்.

எனினும், எந்தக் கிணற்றில் நீர் வற்றும், எந்தச் சாலை மழையில் மூழ்கும் என்பது உள்ளூர் மக்களுக்கே நன்கு தெரியும். எனவே, நிலம் வாங்கிய பின்னர் விளக்கம் அளிப்பதைவிட, தேர்வுப் பட்டியல் தயாராகும் நிலையிலேயே கிராம சபையில் அதனை விவாதத்துக்கு வைப்பது பின்னாளில் எழும் மோதல்களைத் தவிர்க்க உதவும்.