கைபேசிக் காலத்துச் சினிமா – 11: சான்பாடாவிலிருந்து ஒரு வெப் சீரிஸ்

மாணவர்கள் எடுக்கும் வெப் சீரிஸின் முதல் பார்வையாளர்கள், எடுத்தவர்களின் வகுப்புத் தோழர்கள். பெரிய நிறுவனங்களின் தொடர்களுக்கு இந்த வசதி கிடையாது. அவை முகம் தெரியாத கூட்டத்துக்காக எடுக்கப்படுகின்றன. இந்த வசதியை முழுதாகப் பயன்படுத்திக்கொண்டவர்களில் ஒருவர் இஸா ரே. 2007ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தபோது, கறுப்பின மாணவர்களின் விடுதி வாழ்க்கையைப் போலி ரியாலிட்டி ஷோ பாணியில் 'டார்ம் டைரீஸ்' என்ற பெயரில் எடுத்தார். ஃபேஸ்புக்கில் போட்டதும் அது வேறு பல்கலைக்கழகங்களின் மாணவர்களிடமும் கைமாறிப் போனது. விளம்பரச் செலவு ஏதுமில்லை. தங்களைப் போன்றவர்களை வேறெந்தத் திரையிலும் பார்க்காதவர்கள் தாங்களாகவே பகிர்ந்தார்கள். 2011ல் அவர் தொடங்கிய 'ஆக்வர்ட் பிளாக் கேர்ள்' தொடருக்குப் பாதி வழியில் பணத் தட்டுப்பாடு வந்தபோது, இதே ரசிகர்கள் கிக்ஸ்டார்ட்டர் தளத்தின் வழியே 56,000 டாலருக்கு மேல் கொடுத்தார்கள். 2016ல் எச்.பி.ஓ.வில் வந்த 'இன்செக்யூர்' வரை அந்தப் பாதை நீண்டது.

இந்தியாவில் இதே வேலையை மும்பையில் செய்து காட்டியது டி.வி.எஃப். என்ற 'தி வைரல் ஃபீவர்'. நிறுவனர் அருணாப் குமார் ஐ.ஐ.டி. கரக்பூரில் படித்தவர், எழுத்தாளர் பிஸ்வபதி சர்காரும் நடிகர் ஜிதேந்திர குமாரும் அதே கல்லூரிதான். பொறியியல் மாணவர்களைப் பற்றிய நிகழ்ச்சி யோசனையை எம்.டி.வி. ஏற்கவில்லை. 2012ல் எம்.டி.வி.யின் ரோடீஸ் நிகழ்ச்சியையே கிண்டலடித்து 'ரவுடீஸ்' என்ற வீடியோவை யூடியூபில் ஏற்றினார்கள். விடுதி அறைகளில் மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்து பார்த்த மாணவர் கூட்டம்தான் அந்தச் சேனலை வளர்த்தது. 2014 அக்டோபரில் வந்த 'பெர்மனன்ட் ரூம்மேட்ஸ்' ஐந்து எபிசோட் தொடர். மும்பையில் வீடு தேடும் இளம் ஜோடியின் கதை. ஸ்பான்சர், வீடு தேடித் தரும் காமன்ஃப்ளோர் தளம். கதைக்கு நடுவே விளம்பரம் வந்து குறுக்கிடவில்லை. கதைக்குத் தேவையான பொருளே விளம்பரதாரராக இருந்தது. 2019 ஏப்ரலில் வந்த 'கோட்டா ஃபேக்டரி'யிலும் இதே உத்திதான். ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களைப் பற்றிய அந்தக் கறுப்பு வெள்ளைத் தொடருக்கு ஆன்லைன் பயிற்சி நிறுவனமான அன்அகாடமி துணை நின்றது. இரண்டாவது சீசன் 2021ல் நெட்ஃபிளிக்ஸுக்குப் போனது. ஜியோ 2016 செப்டம்பரில் வந்து டேட்டா விலையைத் தரைமட்டமாக்கியது இந்த வளர்ச்சிக்குப் பெரிய காரணம் என்பது உண்மை. ஆனால் டி.வி.எஃப். தன் பார்வையாளரைக் கண்டுபிடித்தது அதற்கு முன்பே.

தமிழில் பாதை சற்றே வேறு. 2009 வாக்கில் தொடங்கிய கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' குறும்பட அலையைக் கிளப்பியது. கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் எல்லாம் அந்த மேடையிலிருந்து வந்தவர்கள். பாலாஜி மோகனின் 'காதலில் சொதப்புவது எப்படி' குறும்படமாக யூடியூபில் பரவி, 2012ல் முழுநீளப் படமானது. 2017ல் அவரே ஹாட்ஸ்டாருக்கு 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் காதல்' என்ற வெப் சீரிஸ் எடுத்தார். கொங்குப் பேச்சையே முதலீடாக வைத்த நக்கலைட்ஸ் குழுவின் 'அம்முச்சி' யூடியூபில் ஓடி, 2022ல் இரண்டாவது சீசன் ஆஹா தளத்துக்குச் சென்றது. எல்லோருக்கும் புரியும் பொதுத்தமிழில் எடுத்திருந்தால் அந்தத் தொடருக்கு அந்த ருசி வந்திருக்காது.

சான்பாடாவில் வெப் சீரிஸ் எடுக்கப்போகும் தமிழ் மாணவர்களுக்கு, எந்த மொழியில் எடுப்பது என்ற முதல் முடிவு இந்த இடத்தில்தான் காத்திருக்கிறது. 1970ல் சிட்கோ நிறுவனம் திட்டமிடத் தொடங்கிய நவி மும்பையில், வாஷிக்கும் ஜுயிநகருக்கும் இடையே இருக்கும் பகுதி இது. 1992ல் மும்பையின் மான்குர்டிலிருந்து கடற்கழியைத் தாண்டி வாஷிக்கு ரயில் வந்த பிறகு, மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இடம் போதாமல் போன தமிழ்க் குடும்பங்கள் பல இந்தப் பக்கம் நகர்ந்தன. இரண்டு நிறுத்தம் தள்ளி நெருலில் எஸ்.ஐ.இ.எஸ். வளாகம்; 1932ல் மும்பைத் தென்னிந்தியர்களுக்காகத் தொடங்கிய சௌத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டியின் நவி மும்பைக் கிளை. மும்பைப் பல்கலைக்கழகத்தின் ஊடகப் பட்டப்படிப்பான பி.எம்.எம். – இப்போது பி.ஏ.எம்.எம்.சி. – நகரமெங்கும் பல கல்லூரிகளில் இருப்பதால், கேமரா பிடிக்கவும் ஸ்கிரிப்ட் எழுதவும் கற்றுக்கொள்ளும் மாணவர்களுக்குப் பஞ்சமில்லை.

இந்த மாணவர்கள் வீட்டில் பேசுவது தமிழ், ரயிலில் இந்தி, கடையில் மராத்தி, வகுப்பில் ஆங்கிலம். ஒரே வாக்கியத்துக்குள் நான்கும் வந்து போகும். சென்னைப் பார்வையாளருக்காக இதைத் துடைத்துச் சுத்தத் தமிழாக்கினால், சென்னையில் ஆயிரம் பேர் எடுக்கும் சீரிஸோடு போட்டி. முழுக்க இந்தியாக்கினால் டி.வி.எஃப்.போடு போட்டி. இரண்டிலும் தோற்பது நிச்சயம். கலந்த பேச்சை அப்படியே வைத்தால் போட்டிக்கு ஆளே இல்லை. தாராவியின் டோப்அடெலிக்ஸ் ராப் குழு இதைத்தான் செய்தது. தாராவித் தெருவின் மொழியில் பாடி யூடியூபில் ஏற்றியவர்களை, பா. ரஞ்சித் 2018ல் வந்த 'காலா'வுக்கு அழைத்துக்கொண்டார்.

அப்படியானால் கலந்த பேச்சு யாருக்குப் புரியும் என்ற கேள்விக்குப் பதில், சப்டைட்டில். யூடியூபில் ஒரே வீடியோவுக்குப் பல மொழிகளில் சப்டைட்டில் கோப்பு ஏற்றலாம். தலைப்பையும் குறிப்பையும்கூட மொழிவாரியாகப் பதியலாம். இந்தியில் யூடியூப் வைத்திருப்பவருக்கு இந்தித் தலைப்பே தெரியும். இந்த வேலையை எடிட்டிங் முடிந்த பிறகு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று விடுவது வழக்கம். அது தவறு. இந்தியின் 'சல்தா ஹை' என்பதைத் தமிழில் எப்படிப் போடுவது என்று ஸ்கிரிப்ட் எழுதும்போதே தீர்மானிக்காவிட்டால், நகைச்சுவை பாதி வழியில் செத்துவிடும். விளம்பர வேலை என்று தனியாக ஒன்று கடைசியில் தொடங்குவதில்லை. எந்த மொழியில் எழுதுவது என்ற முடிவிலேயே அது தொடங்கிவிடுகிறது.

எபிசோட் நீளம் எவ்வளவு? எட்டு நிமிடத்துக்கு மேல் போனால்தான் யூடியூப் வீடியோவின் நடுவே விளம்பரம் போட விடும். பலரும் அதைப் பார்த்து நீட்டுகிறார்கள். வருமானமே தொடங்காத சேனலுக்கு அந்தக் கணக்கு தேவையில்லை. ஐந்து நிமிடக் கதையை ஒன்பது நிமிடமாக இழுத்தால், பார்ப்பவர் மூன்றாம் நிமிடத்தில் கிளம்பிவிடுவார். அதையும் யூடியூபின் வரைபடம் கோடு போட்டுக் காட்டிவிடும். எல்லா எபிசோடையும் எழுதி முடித்துவிட்டு முதல் நாள் ஷூட்டுக்குப் போவது நல்லது. செமஸ்டர் தேர்வு வந்தால் கதாநாயகி காணாமல் போவார். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழை. வெளிப்புறக் காட்சிகளுக்கு டிசம்பர், ஜனவரிதான் வாட்டம்.

அனுமதி விஷயத்தில் சான்பாடா சற்றுச் சிக்கலான இடம். ரயில் நிலையக் கட்டிடத்தையும் முன்வளாகத்தையும் கட்டியது சிட்கோ. நடைமேடையும் தண்டவாளமும் மத்திய ரயில்வேயின் பொறுப்பு. நடைமேடையில் ட்ரைபாட் விரித்தால் ரயில்வே பாதுகாப்புப் படையான ஆர்.பி.எஃப். வந்து நிற்கும். ரயில்வேயின் எழுத்துமூல அனுமதிக்குக் கட்டணம் உண்டு. மாணவர் பட்ஜெட்டுக்கு அது ஒத்துவராது. எனவே நிலையக் காட்சியை வெளியே, படிக்கட்டுக்கு எதிரே வைத்து, ரயில் வரும் சத்தத்தை ஒலியில் சேர்ப்பதே வழி. சாலை, பூங்கா போன்ற பொது இடங்களுக்கு கோரேகாவ் ஃபிலிம் சிட்டியை நடத்தும் மாநில அரசுக் கழகத்தின் ஒற்றைச் சாளர முறை இருக்கிறது. குடியிருப்புக்குள் எடுக்க ஹவுசிங் சொசைட்டி செகரெட்டரியின் கையெழுத்து வேண்டும். மூன்றிலும் கடினமானது இதுதான் என்பார்கள் அனுபவப்பட்டவர்கள். பாம் பீச் ரோட்டை வானிலிருந்து காட்ட ட்ரோன் பறக்கவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். 250 கிராமுக்கு உட்பட்டதானாலும் சரி, விமான நிலையங்கள் அருகிலிருக்கும் பகுதி என்பதால் அரசின் ட்ரோன் தளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் அந்த இடத்தின் நிறம் பார்க்காமல் பறக்கவிடக் கூடாது.

படப்பிடிப்பில் பெரும்பாலான மாணவர் சீரிஸ்களைக் கெடுப்பது படம் அல்ல, ஒலி. இன்றைய கைபேசி கேமரா தாராளமாகப் போதும். சயான்–பன்வேல் நெடுஞ்சாலையின் இரைச்சலும் ஹார்பர் லைன் ரயிலும் கேட்கும் வீட்டில், கைபேசியின் சொந்த மைக்கை நம்பினால் வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். சட்டைக் காலரில் மாட்டும் மைக், மூடிய ஜன்னல், நிறுத்திய மின்விசிறி, தரையில் விரித்த போர்வை – இவ்வளவு இருந்தாலே பாதி கிணறு தாண்டியாயிற்று. யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த அறையின் அமைதியை மட்டும் பதிவுசெய்துகொண்டால், எடிட்டிங்கில் வசன இடைவெளிகளை நிரப்ப உதவும். இன்னொரு தொல்லை டியூப் லைட். இந்தியாவின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கைபேசி இயல்பாக விநாடிக்கு 30 ஃப்ரேம் எடுக்கும். இரண்டும் ஒத்துப்போகாமல் திரையில் கோடுகள் ஓடும். 25 ஃப்ரேமும் ஐம்பதில் ஒரு பங்கு விநாடி ஷட்டரும் வைத்துவிட்டால் சரியாகிவிடும்.

இசையைப் பற்றி ஒரு மூடநம்பிக்கை கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாக நிலைத்திருக்கிறது: 30 விநாடிக்குக் குறைவாகச் சினிமாப் பாட்டைப் போட்டால் தப்பில்லை என்று. 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு விநாடிக் கணக்கு கிடையாது. யூடியூபின் கன்டென்ட் ஐடி சில விநாடிகளையும் கண்டுபிடிக்கும்; வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகும், அல்லது வீடியோ முடக்கப்படும். உரிமையாளர் நேரடியாகப் புகார் செய்தால் ஸ்ட்ரைக். 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடும். கல்லூரியில் கிட்டார் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் குழுவில் சேர்த்துக்கொள்வது எல்லா வகையிலும் லாபம்.

வெளியீட்டுக்கு நார்வேயின் 'ஸ்காம்' கற்றுத்தந்த பாடம் இன்னும் பழசாகவில்லை. 2015 செப்டம்பரில் அந்நாட்டு அரசுத் தொலைக்காட்சியான என்.ஆர்.கே. தொடங்கிய இந்தப் பள்ளி மாணவர் தொடரில், செவ்வாய் மதியம் நடக்கும் காட்சி செவ்வாய் மதியமே இணையத்தில் வரும். வெள்ளிக்கிழமை எல்லாம் சேர்ந்து முழு எபிசோட். கதாபாத்திரங்களுக்குச் சொந்த இன்ஸ்டாகிராம் கணக்குகள். இயக்குநர் யூலி ஆண்டெம் பதின்வயதினரோடு நெடுநேரம் பேசிய பிறகே எழுதினார். பெரியவர்கள் வந்து எட்டிப் பார்த்துவிடக் கூடாது என்று பத்திரிகை விளம்பரத்தையே தவிர்த்தார்கள். அரசுத் தொலைக்காட்சியின் வசதி மாணவர்களுக்கு இல்லை. ஆனால் காட்சியின் நேரத்தில் காட்சியை வெளியிடுவதற்குச் செலவு ஒன்றும் இல்லை. காலை 8 மணி ரயிலில் நடக்கும் ஒரு நிமிடக் காட்சியை, அதே ரயிலில் நிற்பவர்கள் கைபேசியைப் பார்க்கும் காலை 8 மணிக்கு யூடியூப் ஷார்ட்ஸாக விடலாம்.

2020 ஜூனில் டிக்டாக் தடையானபின் அந்த ஆண்டு செப்டம்பரில் ஷார்ட்ஸ் முதலில் அறிமுகமானது இந்தியாவில்தான். ஷார்ட்ஸில் லட்சம் பேர் பார்த்தாலும் முழு எபிசோடுக்கு வருபவர்கள் சொற்பம். ஷார்ட்ஸ் குறிப்பில் போடும் இணைப்பு 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து அழுத்தினால் வேலை செய்வதில்லை. அதற்குப் பதிலாக 'தொடர்புடைய வீடியோ' என்ற வசதியில் எபிசோடை இணைக்க வேண்டும். தம்ப்நெய்லை விரும்பியபடி வைக்கக் கைபேசி எண்ணைச் சரிபார்த்திருக்க வேண்டும். எபிசோடுகளை ஒரே பிளேலிஸ்ட்டில் வரிசையாக அடுக்கி, கடைசி 20 விநாடியில் அடுத்த எபிசோடின் அட்டைக்கு இடம் விட்டு எடிட் செய்வது ஒழுங்கு. பெயர்ப் பட்டியலை அங்கே ஓட விடலாம்.

யூடியூபுக்கு வெளியே, மும்பை மாணவருக்குக் கிடைத்த பெரிய களம் கல்லூரி விழாக்கள். ஆகஸ்டில் செயின்ட் சேவியர்ஸின் மல்ஹார், டிசம்பரில் ஐ.ஐ.டி. மும்பையின் மூட் இண்டிகோ என்று வருடம் முழுக்க ஏதாவது நடக்கும். ஒரு வகுப்பறைத் திரையிடலில் நூறு பேர் எந்த இடத்தில் சிரிக்கிறார்கள், எந்த இடத்தில் கைபேசியை எடுக்கிறார்கள் என்று நேரில் பார்ப்பது, ஆயிரம் லைக்கைவிட அதிகம் சொல்லும். தமிழ்ச் சங்கங்களின் பொங்கல் விழாவும் இதே மாதிரிதான். அங்கே அத்தைகளின் வாட்ஸ்ஆப் குழுக்களில் இடம்பிடித்த தொடர், திருநெல்வேலிக்கும் துபாய்க்கும் தானாகவே போய்ச் சேரும்.

பணம் வர நேரமாகும். 1,000 சப்ஸ்கிரைபரும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையோ 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வையோ சேர்ந்தால்தான் விளம்பர வருமானம். நீள வீடியோக்களின் விளம்பர வருமானத்தில் 55 விழுக்காடு சேனலுக்கு. ஐந்து எபிசோட் மாணவர் சீரிஸ் இதை எட்டுவது அரிது. தெருமுனை ஜெராக்ஸ் கடை, டியூஷன் சென்டர், இட்லி மாவு விற்பவர் என்று உள்ளூர் ஸ்பான்சர் பிடிப்பதே நடைமுறை. காமன்ஃப்ளோர் கணக்கின் சிறிய வடிவம் அது. பணமோ பொருளோ வாங்கியிருந்தால், பதிவேற்றும்போது கட்டணம் பெற்ற விளம்பரம் என்ற பெட்டியில் டிக் போட வேண்டும். விளம்பரத் தர அமைப்பான ஏ.எஸ்.சி.ஐ.யின் 2021 விதிகளும் இதையே கேட்கின்றன.

கடைசியாக, சேனல் யாருடையது என்ற கேள்வி. கூகுள் கணக்கு ஒருவர் பெயரில் இருக்கும். மூன்றாமாண்டு முடிந்து அவர் புனேயில் வேலைக்குப் போனால் கடவுச்சொல்லும் கூடவே போகும். சட்டப்படி திரைப்படத்தின் ஆசிரியர் தயாரிப்பாளர், அதாவது எடுக்க முன்வந்து பொறுப்பேற்றவர். எழுதியவரும் இயக்கியவரும் இதை அறியும்போது பெரும்பாலும் சண்டை தொடங்கியிருக்கும். முதல் நாளே ஒரு பக்கத்தில் யாருக்கு என்ன பங்கு, இரண்டாவது சீசன் எடுக்கும் உரிமை யாருக்கு என்று எழுதிக் கையெழுத்திடுவது, நடிப்பவர்களிடம் சம்மதக் கடிதம் வாங்குவது, 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரிடம் வாங்குவது, சேனலுக்குக் குறைந்தது இருவரை நிர்வாகிகளாகச் சேர்ப்பது – இவை எல்லாவற்றையும் ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடலாம்.

(தொடரும்)