சக்கர நாற்காலி கேட்கும்போது சொல்ல வேண்டியவை

விமானத்தில் செல்லும் மாற்றுத்திறனாளிகளுக்கு நிலைய வாசலிலிருந்து இருக்கை வரையிலும், இறங்கிய பின் வெளியேறும் வரையிலும் உதவி உண்டு. இந்தியாவில் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரக விதிகளின்படி இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. டிக்கெட் எடுக்கும்போதே உதவியைக் கேட்டுவிடுவது நல்லது. தாமதமானாலும் புறப்பாட்டுக்கு 48 மணி நேரம் முன்பாவது விமான நிறுவனத்திடம் தெரிவித்துவிட வேண்டும்.

வெறுமனே ‘சக்கர நாற்காலி வேண்டும்’ என்றால் போதாது. விமான நிறுவனங்கள் தேவையை மூன்று வகையாகப் பிரிக்கின்றன. படி ஏறக்கூடியவர், ஆனால் நெடுந்தூரம் நடக்க இயலாதவர் முதல் வகை. படி ஏற முடியாமல், விமானத்துக்குள் மட்டும் நடக்கக்கூடியவர் இரண்டாம் வகை. அறவே நடக்க இயலாதவர் மூன்றாம் வகை. இவரை இருக்கைகளுக்கு நடுவே நுழையும் குறுகலான நாற்காலியில் அமர்த்தி இடத்துக்குக் கொண்டுசெல்வார்கள். பார்வை, செவித்திறன் குறைந்தவர்களுக்குத் தனிக் குறியீடுகள் உண்டு.

சொந்த மின்கல நாற்காலி கொண்டுவருபவர் அதன் எடை, அளவு, பேட்டரி வகை ஆகியவற்றை முன்கூட்டியே சொல்ல வேண்டும். கழற்றக்கூடிய லித்தியம் அயனி பேட்டரி என்றால், அது பொதுவாக 300 வாட்-மணிக்கு மிகாமல் இருக்க வேண்டும். அதைக் கழற்றிப் பயணிகள் அறைக்கே எடுத்துச்செல்ல வேண்டும். நாற்காலியை ஒப்படைக்குமுன் படம் எடுத்துக்கொள்வதும், மடக்கும் முறையை எழுதி அதில் கட்டிவிடுவதும் சேதத்தைத் தவிர்க்க உதவும்.

பயணத்தை மறுப்பது குறித்த விதி 2022-இல் விமான நிறுவனங்களுக்கு மேலும் இறுகியது. ஒருவரின் உடல்நிலை பயணத்தின்போது மோசமாகலாம் என்று நிறுவனம் கருதினால், விமான நிலைய மருத்துவர் நேரில் பரிசோதித்த பிறகே முடிவெடுக்க வேண்டும். பயணம் மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்துமூலம் உடனே தர வேண்டும்.