வெண்பாவின் அடிகளை விழுங்கும் கணினி

ஏட்டுச் சுவடிகளிலே செய்யுள்கள் அடி பிரிக்கப்படாது ஒரே ஓட்டமாக எழுதப்பட்டன. எழுத்துகளின்மேற் புள்ளியிடும் வழக்கமும் அருகியிருந்தது. அத்தகைய ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கி, அடி பிரித்து அச்சேற்றியோருள் நல்லூர் ஆறுமுக நாவலரும் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் முதன்மையானவர்கள். பின்னவரின் கலித்தொகைப் பதிப்பு 1887ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர்கள் அரும்பாடுபட்டுப் பிரித்த அடிகளைக் கணினி இன்று ஒரு நொடியில் மீண்டும் ஒன்றாக்கி விடுகின்றது!

2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவும், ஈழத்து நூல்களைத் திரட்டிவைக்க 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளமும் மீடியாவிக்கி என்னும் மென்பொருளால் இயங்குவன. இங்கே சில எளிய குறிகளை இட்டாற் போதும்; கணினி குறிகளை மறைத்து, அவை சுட்டும் வடிவத்தை மாத்திரம் காட்டும். வரியின் தொடக்கத்தில் நட்சத்திரக் குறி இட்டால் பட்டியல் அமையும். தொடக்கத்தில் வெற்றிடம் விட்டாலோ அவ்வரி தனிப் பெட்டிக்குள் அடைபடும்.

பண்டத்தரிப்பு மாணவி ஒருத்தி தன் பாட்டனார் இயற்றிய வெண்பாவை நான்கு அடிகளாகத் தட்டெழுதுகிறாள் என்று கொள்வோம். பதிவானதும் நான்கடியும் ஒரே வரியாய் நிற்கும். எதுகை கண்ணுக்குப் புலப்படாது. இதற்குக் காரணம் என்ன? ஒருமுறை வரி மாற்றுவதைக் கணினி வெறும் இடைவெளியாகவே கொள்ளும். ஒரு வரியை வெறுமையாக விட்டாலே புதுப் பத்தி என்று உணரும். உரைநடைக்கு இவ்விதி நன்று, செய்யுளுக்கோ கேடு.

ஜோன் குரூபர் என்னும் அமெரிக்கர் 2004இல் வெளியிட்ட மார்க்டவுன் முறையிலும் இதே நிலைதான். அதன் மூல விதிப்படி, அடியின் ஈற்றில் இரண்டு வெற்றிடம் விட்டால் வரி முறியும். கண்ணுக்குத் தெரியாத வெற்றிடத்திலே யாப்பின் தோற்றம் தங்கியிருக்கின்றது! கணக்கும் தப்புவதில்லை. பெருக்கற் குறியாக நட்சத்திரக் குறியை இட்டு 5*6*7 என எழுதினால், இரு குறிகளும் மறைந்து, நடுவிலுள்ள 6 சாய்ந்து, 567 என்றே தோன்றும். விடையோ 210.

ஆகவே மாணவர்களே, பதிவு செய்யுமுன் முன்தோற்றத்தைப் பாருங்கள். விக்கிப்பீடியாவிற் செய்யுளுக்கெனத் தனிக் குறி உண்டு. அதற்குள் பாட்டை இட்டால் அடிகள் பிரிந்தே நிற்கும். அன்று பதிப்பாசிரியர் ஏட்டோடு ஏட்டை ஒப்புநோக்கினார். இன்று நீங்கள் எழுதியதையும் திரையிற் காண்பதையும் ஒப்புநோக்குங்கள். வேலை அதுவேதான்.