பரங்கிப்பேட்டையிலிருந்து எசுப்பானியத்திற்கு: பள்ளி மாணவரின் அயன்மொழிக் கற்றலில் தமிழின் பங்கு

தேசியக் கல்விக் கொள்கை 2020, இடைநிலை வகுப்புகளில் பயிலத்தக்க அயல்நாட்டு மொழிகளுள் எசுப்பானியத்தையும் போர்த்துகீசியத்தையும் பெயர் சுட்டிக் குறிப்பிடுகிறது. தமிழகப் பள்ளிகளுக்கு அயன்மொழிக் கல்வி புதியதன்று. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்திற்கு முன்னர்த் தனியார் பள்ளிகள் பலவற்றில் பிரெஞ்சு போன்ற மொழிகள் தமிழுக்கு மாற்றாகவே எடுக்கப்பட்டன. மிகுதியான மதிப்பெண் கிடைக்கும் என்பதே பெரும்பாலும் அத்தேர்வுக்குக் காரணம். அவ்வாறு பயின்றோருள் பலர் பள்ளியை விட்டதும் அம்மொழியையும் விட்டனர். தமிழையும் முறையாகக் கற்றிலர். அயன்மொழி நுழைய வேண்டுமாயின் தமிழ் விலக வேண்டும் என்னும் எண்ணம் அதன் வழியே வேரூன்றியது. எசுப்பானியத்தைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பொருந்தாது. கடலூர், சிதம்பரம் வட்டாரத்து உயர்நிலைப்பள்ளி மாணவர் ஒருவர் அம்மொழியைக் கற்கத் தொடங்கும்போது, ஆங்கிலத்தைவிடத் தமிழே அவருக்குப் பல இடங்களில் நெருங்கிய துணையாகிறது.

இக்கடற்கரை மொழிக்கல்விக்குப் பழகிய இடம். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, தமிழாசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுதிப் பழகினார். உடன்வந்த புளூட்சோ போர்த்துகீசியத்தில் கருத்துச் செலுத்தினார். ஐரோப்பியரும் கரையோர மக்களும் உரையாட அன்று பயன்பட்ட பொதுமொழி அதுவே. சீகன்பால்கு எழுத்தையும் சொல்லையும் கற்றதோடு நிற்கவில்லை. ஓலைச்சுவடிகளைத் திரட்டினார், மக்களின் வழிபாட்டையும் வழக்கங்களையும் கேட்டறிந்து எழுதினார். இலத்தீனில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் செருமனியின் ஆலே நகரில் அச்சேறியது. மறு ஆண்டில் அச்சமயப்பணியின் சார்பில் கடலூரிலும் அறப்பள்ளி தொடங்கப்பட்டது. மொழியையும் பண்பாட்டையும் ஒருசேரக் கற்பது இன்றைய கல்வியியலில் புதுமுறையாகப் பேசப்படுகிறது. இவ்வட்டாரத்தில் அது முந்நூறு ஆண்டுப் பழக்கம்.

கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் இடையே, வெள்ளாற்று முகத்துவாரத்தில் உள்ளது பரங்கிப்பேட்டை. இவ்வூரைப் போர்த்துகீசியர் ‘போர்த்தோ நோவோ’, அதாவது ‘புதுத்துறைமுகம்’ என்றனர். இதனை எசுப்பானியத்தில் சொன்னால் ‘புவெர்த்தோ நுவேவோ’ ஆகும். இலத்தீனின் அழுத்தம் பெற்ற குறில் ஒகரம் போர்த்துகீசியத்தில் ஒகரமாகவே நிற்க, எசுப்பானியத்தில் ‘உவெ’ எனத் திரிந்தது. ‘போர்த்தா’ (கதவு) ‘புவெர்த்தா’ ஆவதும், ‘மோர்த்தே’ (சாவு) ‘முவெர்த்தே’ ஆவதும் இவ்விதியாலேயே. ஓர் ஊர்ப்பெயரிலிருந்து மாணவர் ஓர் ஒலித்திரிபு விதியைப் பெற்றுவிடுகிறார்.

வீட்டிற்குள் இன்னும் பல சொற்கள் காத்திருக்கின்றன. மேசை, அலமாரி, கோப்பை, பீப்பாய், துவாலை, பாதிரி ஆகியவை போர்த்துகீசிய வழி வந்தவை; எசுப்பானியத்தில் அவை முறையே மெசா, அர்மாரியோ, கோப்பா, பிப்பா, தோவாயா, பாத்ரே. ‘சாவி’ சற்று விலகி நிற்கிறது. எசுப்பானியத்தில் அது ‘யாவே’. இலத்தீன் ‘கிளாவிசு’ என்பதன் முதலிலுள்ள மெய்ம்மயக்கம் போர்த்துகீசியத்தில் சகரமாகவும் எசுப்பானியத்தில் யகரத்தை ஒத்த ஒலியாகவும் மாறியதே காரணம். மழையைக் குறிக்கும் ‘சூவா’, ‘யூவியா’ என்னும் இணையும் இவ்வாறே அமைந்தது. மொழித்தூய்மை நோக்கில் களையத்தக்கனவாகக் கருதப்படும் இச்சொற்கள் கற்பித்தல் நோக்கில் கைக்கருவிகளாகின்றன என்பதைத் தமிழாசிரியர்கள் எண்ணிப்பார்க்கலாம்.

‘ஜன்னல்’ மட்டும் கைகொடுப்பதில்லை. எசுப்பானியர் சன்னலை ‘வெந்தானா’ என்பர். அதன் வேர் காற்றைக் குறிக்கும் இலத்தீன் சொல். இங்கே கடன்சொல் கைவிட்டாலும் பழந்தமிழ் கைகொடுக்கிறது. சிலப்பதிகாரத்தில் வழங்கும் ‘காலதர்’ என்பதும் கால், அதாவது காற்று, புகும் வழியே. தொடர்பில்லா இருமொழிகள் ஒரே கருத்தில் சொல்லாக்கம் செய்ததை ஒன்பதாம் வகுப்பு மாணவர் காண்பது, எசுப்பானியப் பாடமாகவும் தமிழ்ப் பாடமாகவும் அமையும்.

ஒலியியலில் ஒற்றுமை இன்னும் ஆழமானது. தமிழில் உயிர்களுக்கிடையே வரும் கரமும் தகரமும் (மகன், அது) தடையொலித்தன்மை தளர்ந்து ஒலிக்கின்றன. மெல்லினத்தை அடுத்து (தங்கம், பந்து) முழுத் தடையொலிகளாகின்றன. எசுப்பானியத்தின் ஒலிப்புடைத் தடையொலிகளும் இவ்விரு சூழல்களில் ஏறக்குறைய இவ்வாறே நடக்கின்றன: ‘நாதா’ (ஒன்றுமில்லை) என்பதில் தளர்ச்சி, ‘முந்தோ’ (உலகம்) என்பதில் தடை. ஆங்கிலவழிப் பாடநூல்கள் பக்கம் பக்கமாக விளக்கும் இதனைத் தமிழ் மாணவர் அறியாமலே செய்துவிடுகிறார். தமிழின் தகரம் போலவே எசுப்பானியத் தகரமும் பல்லொலி. ஆயினும் நாளிதழ்கள் ஆங்கிலத்தைப் பின்பற்றி ‘மாட்ரிட்’ என்றே எழுதுகின்றன. ‘மத்ரித்’ என்பதே மூலத்திற்கு அணுக்கமானது. ரகர றகர வேறுபாடும் உதவும்: ‘பெரோ’ (ஆனால்), ‘பெறோ’ (நாய்). வடதமிழகப் பேச்சில் இவ்வேறுபாடு மங்கிவிட்டது உண்மையே; எழுத்தில் கரி, கறி எனப் பிரித்தறிந்த பயிற்சியேனும் மாணவரிடம் உண்டு. இடர் வேறோரிடத்தில் உள்ளது. எசுப்பானியத்தில் உயிர்களுக்கிடையே ஒலிப்பிலாத் தடையொலி இரட்டிக்காமலே வரும். தமிழர் அதனைத் தளர்த்தியோ இரட்டித்தோ ஒலிப்பர்; இதற்குத் தனிப்பயிற்சி தேவை.

தொடரமைப்பில் ‘பேசுகிறேன்’ என்பதற்கு ஈடு ‘ஆப்லோ’. இரண்டிலும் வினைவிகுதியே எழுவாயைக் காட்டுவதால் எழுவாய் தோன்றாது நிற்கலாம். ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பதும் ‘மெ துவெலே லா கபேசா’ என்பதும் ஏறத்தாழச் சொல்லுக்குச் சொல் ஒத்தவை. ‘எனக்குப் பிடிக்கும்’ என்பதற்கு ‘மெ குசுதா’. ஆனால் எசுப்பானியத்தில் பிடித்த பொருளே எழுவாய். வினை அதன் எண்ணுக்கு இயையும். தமிழிலோ அது இரண்டாம் வேற்றுமை ஏற்கவும் கூடும். பசிக்கு வந்தால் ஒற்றுமை முறிந்துவிடும்: தமிழர்க்குப் பசிக்கிறது, எசுப்பானியர் பசியை ‘உடையர்’.

நீ, நீங்கள் என்னும் வேறுபாடு ‘தூ’, ‘உசுதெத்’ எனக் காணப்படுகிறது. சொல் ஒத்தாலும் வழக்கு ஒவ்வாது. இன்றைய எசுப்பானியாவில் பிள்ளைகள் பெற்றோரைத் ‘தூ’ என்றே விளிப்பர். கொலம்பியாவின் சில பகுதிகளில் குடும்பத்திற்குள்ளும் ‘உசுதெத்’ வழங்கும். அப்பாவை ‘நீ’ என்றும் அழைக்கும் வீடுகளும் ‘நீங்க’ என்றே அழைக்கும் வீடுகளும் ஒரே தெருவில் உண்டாதலின், மாணவர்க்கு இது விளங்கும். வட்டார வழக்கை உணர்த்தப் பண்ருட்டி முந்திரியே போதும். பிரேசிலுக்குரிய அம்மரத்தைப் போர்த்துகீசியர் இந்தியாவிற்குக் கொணர்ந்தனர். பண்ருட்டியார் முந்திரி என்பதைக் குமரி மாவட்டத்தார் கொல்லாங்கொட்டை என்பர். எசுப்பானியாவில் ‘அனகார்தோ’, கொலம்பியாவில் ‘மரஞோன்’, வெனிசுவேலாவில் ‘மெரேய்’. தமிழின் ஞகரம் இங்கு அப்படியே பயன்படுகிறது.

இத்தகைய ஒப்பீடுகளைத் தொகுத்துத் தமிழ்வழி எசுப்பானியப் பாடநூல் ஒன்றை உருவாக்க, அண்ணாமலைப் பல்கலைக்கழக மொழியியல் உயராய்வு மையம் இவ்வட்டாரத்திலேயே உள்ளது. அந்நூல் தமிழ் துணைசெய்யாத இடங்களையும் மறைக்கலாகாது. உயர்திணையோடு பால்பாகுபாட்டை நிறுத்திக்கொண்ட மொழியில் வளர்ந்த மாணவர்க்கு, மேசை ஏன் பெண்பால், அலமாரி ஏன் ஆண்பால் என்பது விளங்காது. ஆங்கிலமும் அதற்கு உதவாது. சொல்லோடு சேர்த்து அதன் பாலையும் மனப்பாடம் செய்வதே வழி.