தேய்ந்த எழுத்து எப்படித் தெரிகிறது?

மந்தைவெளியை அடுத்த சாந்தோமில் பழைய தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. கடலோர உப்புக்காற்று கல்லை அரிக்கும். கைக்குக்கூடத் தட்டுப்படாத எழுத்தைக் கணினி எப்படிப் படிக்கிறது?

எல்லாம் நிழலின் வேலை. கல்லின் மேல் நேராக விழும் ஒளி ஆழமில்லாத கோடுகளை மறைத்துவிடும். சாய்ந்த ஒளியில் அதே கோடுகளின் ஓரத்தில் நிழல் விழும். கேமராவை அசையாமல் நிறுத்தி, விளக்கை மட்டும் நகர்த்திப் பல கோணங்களில் படமெடுக்கிறார்கள். ஒவ்வொரு புள்ளியும் எந்த ஒளியில் எவ்வளவு மின்னியது என்பதை வைத்து, அந்த இடத்தில் கல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று மென்பொருள் கணக்கிடுகிறது. அப்புறம் திரையிலேயே ‘வெயிலை’ வேண்டிய பக்கம் திருப்பிக்கொள்ளலாம். இந்த முறையை ஹெச்பி ஆய்வகத்தின் டாம் மால்ஸ்பெண்டர் குழு 2001இல் வெளியிட்டது.

இன்னொரு வழியும் உண்டு: பெங்களூருவில் மிதிக் சொசைட்டி என்ற அமைப்பு கையடக்க ஸ்கேனரால் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் பதிகிறது. அவற்றில் தமிழ்க் கல்வெட்டுகளும் உண்டு.

புதிய முறைகள் வந்தாலும், ஈரத்தாளைக் கல்லில் ஒற்றி மைபூசி எடுக்கும் மைப்படியை ஒதுக்கிவிட முடியாது. சாலை விரிவாக்கத்திலும் திருப்பணியிலும் கல்லே தொலைந்த இடங்களில் அதுதான் மிஞ்சிய சாட்சி. அதையும் உடனே ஸ்கேன் செய்தாக வேண்டும். மைசூருவில் இருந்த தமிழ் மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றும்படி 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.