ஊகம் சாட்சியாகாது

யாழ்ப்பாணத் தீவகத்தில் ஒரு கொலை நடந்தால், படகு குறிகட்டுவான் இறங்குதுறையைத் தொடும் முன்பே செய்தி கரைக்கு வந்துவிடும். கொலையாளி யார் என்ற கதையும் கூடவே வரும். "அவன்தானாம்" என்று ஒருவர் சொன்னால் போதும், பொழுதுபடுவதற்குள் ஒரு படம் வட்ஸ்அப்பில் ஊர் முழுக்கச் சுற்றும். நெடுந்தீவில் 2023 ஏப்ரல் 22 அன்று ஒரே வீட்டில் முதியவர்கள் ஐவர் கொல்லப்பட்டது போன்ற நாட்களில் பயம் இயல்பு. அந்தப் பயத்தில் நாம் பரப்பும் ஊகம் இன்னொரு குடும்பத்தை அழித்துவிடலாம்.

புங்குடுதீவில் 2015 மே மாதம் பாடசாலை மாணவி ஒருவர் கொடூரமாகக் கொல்லப்பட்டார். ஊரின் கோபம் நியாயமானது. ஆனால் மே 20 அன்று அந்தக் கோபம் யாழ்ப்பாண நீதிமன்ற வளாகத்தின் மீது கல்லாக விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். மாணவியின் கொலை தொடர்பாக ஒன்பது பேருக்கு எதிரான வழக்கை மூன்று நீதிபதிகள் விசாரித்து, 2017 செப்டெம்பர் 27 அன்று தீர்ப்பளித்தார்கள். ஏழு பேருக்கு மரண தண்டனை, இருவர் விடுதலை. கூட்டமே அன்று தீர்ப்பு எழுதியிருந்தால் அந்த இருவரின் கதி என்ன?

ஊகம் வழக்கையும் கெடுக்கும். சந்தேகநபரைச் சாட்சி அடையாளம் காண, நீதவான் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு நடக்கிறது. சந்தேகநபரின் படத்தைச் சாட்சி ஏற்கெனவே கைத்தொலைபேசியில் பார்த்திருந்தால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் அதைத்தான் கேட்பார். உண்மைக் குற்றவாளி தப்ப நாமே வழி திறந்ததாகிவிடும்.

சட்டம் சொல்வது

குற்றம் நிரூபிக்கப்படும்வரை எவரும் நிரபராதியே என்கிறது அரசியலமைப்பின் 13(5) உறுப்புரை. பாலியல் வன்முறைக்கு உள்ளானவரின் அடையாளத்தை அனுமதியின்றி வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365இ பிரிவின்படி இரண்டு ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம். அவர் இறந்துவிட்டாலும் படத்தைப் பகிர நமக்கு உரிமை வந்துவிடாது.

என்ன செய்யலாம்?

கண்ணால் கண்டதை, காதால் கேட்டதை ஊர்காவற்றுறை, நெடுந்தீவு என அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் தமிழிலேயே வாக்குமூலமாகக் கொடுங்கள். வாசித்துக் காட்டச் சொல்லி, சரி என்றால் மட்டும் கையொப்பமிடுங்கள். அவசரத்துக்கு 119. மிரட்டல் வந்தால், 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் சாட்சிக்கான பாதுகாப்பைக் கேளுங்கள். தடயம் கிடக்கும் இடத்தை மிதிக்காதீர்கள், படமெடுத்துப் பரப்பாதீர்கள்.

உங்கள் மீதே வீண்பழி விழுந்தால் பதிவையும் அது வந்த இலக்கத்தையும் திகதியோடு படம்பிடித்து வைத்துக்கொண்டு பொலிஸில் முறையிடுங்கள். குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இல் நீக்கப்பட்டாலும், நட்டஈடு கேட்டுக் குடியியல் வழக்குப் போடலாம். பணவசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். பிழையாகக் கைதுசெய்யப்பட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவை 1996 இலக்கத்தில் அழையுங்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்ய ஒரு மாதமே அவகாசம். ஆகவே தாமதிக்க வேண்டாம்.

தெரிந்ததைப் பொலிஸில் சொல்லுங்கள். தெரியாததை எவருக்கும் அனுப்பாதீர்கள். பறிபோன உயிருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுவே.