பச்சிளங் குழந்தையின் இறுதிக் கொடை

கொடை என்றவுடன் பொன்னும் பொருளும், உணவும் உடையுமே நம் நினைவுக்கு வருகின்றன. வாழ்ந்து முடித்த பெரியோர் தம் கண்களைக் கொடுத்துச் செல்வதையும் இன்று நாம் அறிவோம். ஆனால், பிறந்து சில மணி நேரமோ சில நாட்களோ மட்டுமே இவ்வுலகில் இருந்து மறையும் குழந்தை எதைக் கொடுக்க இயலும்? அதனைப் பெற்றோரிடம் கேட்பவர் யார்? எவ்வாறு கேட்க வேண்டும்? மார்க்கம் அதற்கு வகுக்கும் வரம்பு யாது? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராய்ச்சிக்கு ஏன்?

பிறந்த நாள் தொடங்கி 28 நாட்கள் வரையுள்ள குழந்தையைப் பச்சிளங் குழந்தை என்பர் மருத்துவர். இவர்களுள் சிலர் பிழைக்க இயலாத குறையுடன் பிறக்கின்றனர். மூளையின் பெரும்பகுதியும் மண்டையோட்டின் மேற்பகுதியும் உருவாகாமை அத்தகைய குறைகளுள் ஒன்று. கருவுற்ற முதல் மாதத்திலேயே நரம்புக்குழாயின் மேல்முனை மூடாது போவதால் இது நேர்கிறது. இக்குழந்தைகளின் உறுப்புகள் மிகச் சிறியன. ஆதலின் பிறருக்குப் பொருத்தப் பெரும்பாலும் பயன்படுவதில்லை. எனினும், ஆராய்ச்சியாளர்க்கு அவை அரும்பொருளாகும். வளரும் உறுப்பின் இயல்பை வளர்ந்தவரின் உறுப்பைக் கொண்டு அறிதல் இயலாதன்றோ?

இதற்கு வரலாறே சான்று பகரும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் மூச்சுத் திணறி இறப்பதன் காரணம் நெடுங்காலம் புலப்படாதிருந்தது. மேரி எலன் ஏவரி, ஜியர் மீட் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள், அவ்வாறு இறந்த குழந்தைகளின் நுரையீரலை ஆய்ந்து, காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் ஒருவகைப் பூச்சுப்பொருள் அவற்றில் குறைந்திருப்பதை 1959இல் வெளியிட்டனர். 1963இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் ஆண்மகவு பிறந்த இரண்டாம் நாளே இந்நோயால் இறந்தது. நாட்டின் தலைவராலும் தம் மகனைக் காக்க முடியவில்லை. 1980இல் ஜப்பானிய மருத்துவர் ஃபுஜிவாரா அப்பொருளைக் குழந்தைகளின் நுரையீரலுக்குள் செலுத்திப் பயன் கண்டார். இன்று உலகெங்கும் எண்ணற்ற மழலைகள் அம்மருந்தால் மூச்சு விடுகின்றன. இறந்த குழந்தைகளே இருக்கும் குழந்தைகட்கு மூச்சளித்தனர் எனலாம்.

தாமஸ் அளித்த கொடை

அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றையும் காண்போம். அமெரிக்காவின் வாஷிங்டன் பகுதியைச் சேர்ந்த சாரா கிரே என்னும் அம்மையார் ஒத்த இரட்டையரைக் கருவுற்றிருந்தார். அவர்களுள் ஒரு குழந்தைக்கு மேற்கூறிய மூளைக்குறை உண்டென ஸ்கேன் காட்டியது. 2010 மார்ச் மாதம் இருவரும் பிறந்தனர். கேலம் நலமுடன் வளர்ந்தான். தாமஸ் ஆறு நாட்களே வாழ்ந்தான். பெற்றோர் முன்னரே எண்ணித் துணிந்தபடி, அவன் இறந்த பின்னர் கண்களும் கல்லீரலும் ஆராய்ச்சிக்கு அளிக்கப்பட்டன. இரு குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தமும் அவ்வாறே அளிக்கப்பட்டது.

அக்கொடை என்னவாயிற்று என்றறிய அன்னை உள்ளம் விழைந்தது. அவர் பின்னர் ஒவ்வோர் ஆய்வகமாகத் தேடிச் சென்றார். கருவிழிப் படலங்கள் பாஸ்டன் நகரிலுள்ள ஷெப்பன்ஸ் கண் ஆராய்ச்சி நிலையத்தை அடைந்திருந்தன. விழித்திரை பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், குழந்தைகளுக்கு வரும் விழித்திரைப் புற்றுநோயை ஆராய உதவியது. நோயுற்ற திசுவோடு ஒப்பிட நோயற்ற குழந்தைத் திசு கிடைப்பது அரிதாதலின், அங்கிருந்த ஆய்வாளர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். டர்ஹாம் நகரில், கல்லீரல் செல்களை எவ்வெப்பநிலையில் உறையவைத்துக் காக்கலாம் என்னும் ஆய்வுக்குக் கல்லீரல் பயன்பட்டது. தொப்புள்கொடி இரத்தம் டியூக் பல்கலைக்கழகத்திற்குச் சென்றது. தம் அனுபவத்தை அவ்வம்மையார் 2016இல் நூலாகவும் வெளியிட்டார்.

இடைநின்று இணைப்போர் பணி

இத்தகைய கொடை தானே நிகழ்வதன்று. பெற்றோர், மகப்பேற்று மருத்துவர், கொடை ஒருங்கிணைப்பாளர், ஆராய்ச்சியாளர் ஆகியோரை ஒரு நூலில் கோக்கும் பணி இன்றியமையாதது. குழந்தை பிறக்கும் முன்பே பெற்றோரின் இசைவைப் பெறுதல், எத்திசு எந்த ஆய்வுக்குத் தேவை என உசாவுதல், இறப்புக்குப்பின் சில மணி நேரத்துக்குள் திசுவைக் குளிர்நிலையில் உரிய இடம் சேர்த்தல், உடலைச் செம்மையுற மூடிப் பெற்றோரிடம் ஒப்படைத்தல் ஆகியன அப்பணியின் படிகளாகும். அமெரிக்காவில் 1980இல் பிலடெல்பியாவில் தோன்றிய தேசிய நோயாய்வுப் பரிமாற்ற நிலையம் போன்றவை ஆராய்ச்சித் திசுக்களைச் சேர்ப்பிக்கின்றன. குழந்தைக்கு மருத்துவம் பார்ப்பவரும் இறப்பை உறுதி செய்பவரும் கொடை பெறும் குழுவினராக இருத்தல் கூடாது என்பது இங்கு அடிப்படை விதி. கொடைக்காக உயிர் ஒரு நொடியும் குறைக்கப்படலாகாது.

வரம்பு மீறிய போது

இவ்விதியின் அருமை அது மீறப்பட்டபோதும், மீற முயன்றபோதும் விளங்கிற்று. 1992இல் புளோரிடா மாநிலத்தில் மூளைக்குறையுடன் தெரசா என்னும் குழந்தை பிறந்தது. அதன் உறுப்புகளால் பிறர் பிழைக்கட்டும் எனக் கருதிய பெற்றோர், அதனை இறந்ததாக அறிவிக்குமாறு நீதிமன்றத்தை வேண்டினர். அவர்தம் நோக்கம் உயர்ந்ததே. எனினும், மூச்சுவிடும் குழந்தையை இறந்ததாகக் கொள்ள நீதிமன்றம் இசையவில்லை.

இங்கிலாந்தின் லிவர்பூலில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. அங்குள்ள ஆல்டர் ஹே குழந்தைகள் மருத்துவமனையில், இறந்த குழந்தைகளின் உறுப்புகள் பெற்றோர் அறியாமலே எடுத்து வைக்கப்பட்டிருந்தன என்பது 1999இல் வெளிப்பட்டது. ஏறத்தாழ 850 சிசுக்களின் உறுப்புகள் குடுவைகளில் இருந்தன. அடக்கம் செய்த பிள்ளைக்கு மீண்டும் அடக்கம் செய்ய நேர்ந்த பெற்றோரின் துயரைச் சொல்லால் அளத்தல் இயலுமோ? 2001இல் விசாரணை அறிக்கை வெளிவந்தது. 2004இல் மனிதத் திசுச் சட்டம் இயற்றப்பெற்றது. அதன்பின் இசைவின்றி எடுத்தல் அங்குக் குற்றமாயிற்று.

மார்க்கம் காட்டும் வழி

இறந்தவர் உடலுக்கும் கண்ணியம் உண்டென்பது இஸ்லாத்தின் நெறி. உயிர்க்குறியோடு பிறந்து ஒரு நொடியில் மறைந்த சிசுவுக்கும் குளிப்பாட்டலும் கஃபனும் ஜனாஸாத் தொழுகையும் உண்டு. இக்கண்ணியம் கருதியே உறுப்புக் கொடையை ஏற்காத உலமாக்கள் உளர். நிபந்தனையுடன் ஏற்போரும் உளர். 1988இல் ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, இறந்தவரின் உறுப்பைத் தேவையுடையோர்க்குப் பொருத்துவதை இசைவு முதலிய நிபந்தனைகளுடன் அனுமதித்தது. 1990இல் அது மூளைக்குறைக் குழந்தை பற்றியும் தனியே ஆராய்ந்தது. அக்குழந்தை உயிருடன் உள்ளவரை அதன் உறுப்பைத் தீண்டலாகாது. இவ்வகையில் அதற்கும் நலமுள்ள மனிதருக்கும் வேறுபாடில்லை எனத் தீர்ப்பளித்தது. புளோரிடா நீதிமன்றம் கூறுமுன் ஈராண்டுகட்கு முன்பே இது கூறப்பட்டது என்பது எண்ணி மகிழத்தக்கது.

ஆயினும், பொருத்துதல் வேறு, ஆராய்ச்சி வேறு. 1987இல் மக்காவில் கூடிய ஃபிக்ஹு சபை, நோயறியவும் மருத்துவம் கற்பிக்கவும் உடற்கூறாய்வை அனுமதித்தபோது, தேவைக்கு மேல் கூறிடலாகாது என்றும் உடலின் எல்லாப் பகுதிகளும் அடக்கப்பட வேண்டும் என்றும் விதித்தது. ஆய்வகத்திலோ திசு ஆண்டுக்கணக்கில் உறைந்திருக்கலாம். ஆதலின் இவ்விரண்டையும் எளிதில் இணைத்துவிட முடியாது. ஆய்வு முடிந்தபின் எஞ்சியதை அடக்கத்திற்குத் திருப்பித் தருதல் வேண்டும் என இசைவுப் படிவத்திலேயே எழுதுவித்தல் ஒரு வழியாகும் என்பது நம் கருத்து. துயரம் சூழ்ந்த பிரசவ அறையில் அன்று, குறை கண்டறியப்பட்ட நாளிலேயே பெற்றோர் ஆலிம்களை அணுகித் தெளிவு பெறுதல் நலம். வேண்டாம் என மறுப்பதும் அவர்தம் உரிமையே. மறுத்தோரைக் குறைகூறல் அறமன்று.

கேட்கும் முறை

ஒன்றை வேண்டுவோர் கூறும் சொற்களாக ஈ, தா, கொடு என்னும் மூன்றனைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. உயர்ந்தோரிடம் கேட்பவன் 'ஈ' என்பான். ஒத்தோரிடம் கேட்பவன் 'தா' என்பான். தாழ்ந்தோரிடம் கேட்பவன் 'கொடு' என்பான். பிள்ளையை இழக்கவிருக்கும் தாயின்முன் பட்டமும் பதவியும் உடைய மருத்துவர் நிற்கும்போது, எச்சொல் அவருக்குரியது? 'ஈ' என்பதே. அங்கு உயர்ந்தவள் அத்தாய். இரந்து நிற்பது அறிவியல். லிவர்பூலில் மூன்று சொற்களுள் ஒன்றும் சொல்லப்படவில்லை. அதுவே அங்கு நேர்ந்த இழிவு.

மருத்துவமும் செவிலியமும் பயிலச் செல்லும் மாணவச் செல்வங்கள் இதனை நெஞ்சில் நிறுத்துவார்களாக. சமுதாயப் பெரியோரும் ஆலிம்களும் மருத்துவரும் ஓரிடத்தில் அமர்ந்து இப்பொருளை ஆராய்வார்களாயின், இத்துயரை அடையும் குடும்பங்கள் வழியறியாது திகைக்கும் நிலை இன்ஷா அல்லாஹ் நீங்கும்.